வாயோரத்து நூல்

பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆற்காடு தாண்டியதும் அடக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"நீ அந்த மணல் லாரிப் பொண்ணுதானே?"

இல்லை என்றேன்.

"அப்ப ரேஷன் அரிசி? குடோன்ல வேலை பாத்தேன்னு சொன்னியே."

அதுவும் நான் இல்லை என்றேன். "முகம் மட்டும்தாங்க என்னுது. பேசுனவங்க வேற."

புரிந்த மாதிரித் தலையை ஆட்டினார். இறங்கும்போது என் கையைப் பிடித்து, "எதுக்கும் ஜாக்கிரதையா இரும்மா, லாரிக்காரனுங்க மோசமானவனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் வேலையைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

பொதுத் தொலைக்காட்சியில் வெள்ளிக்கிழமைதோறும் 'கண்கூடு' வரும். அம்மா பாவாடை கட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஆரம்பித்த தொடர். ஆட்சிகள் மாறின, தொகுப்பாளர்கள் கிழடானார்கள், தொடர் நிற்கவில்லை. யாருடைய திருட்டையாவது நோண்டி எடுத்து, அதை உள்ளேயிருந்து பார்த்த ஒருவரை உட்கார வைத்துப் பேச வைப்பார்கள். எங்கள் தெருவில் அந்த ஒரு மணி நேரம் குழாயடியில்கூட ஆள் இருக்காது. நான் விஷுவல் கம்யூனிகேஷன் எடுத்ததே அதனால்தான். எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். மைக்கைப் பிடித்துக் கேள்வி கேட்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தேன்.

நிருபர் வேலைக்குத்தான் நேர்காணலுக்குப் போனேன். தொடரின் ஆசிரியர் ஹேமலதா மேடம் என் சான்றிதழ்களைப் புரட்டக்கூட இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்ப நம்பகமான முகம் உங்களுக்கு" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கஷ்டப்பட்ட முகம் என்று அர்த்தம். அன்றைக்கு என்னோடு வந்திருந்தவர்களில் கஷ்டப்படாத முகங்களுக்கு மைக் கிடைத்தது. எனக்கு வேறு ஒன்று கொடுத்தார்கள்.

"முன்னாடியெல்லாம் சாட்சி முகத்தை மங்கலாக்கிக் காட்டுவோம்" என்று மேடம் விளக்கினார். "இப்ப மங்கலை எடுக்கறதுக்கு செல்போன்லயே வழி வந்துடுச்சு. நிழல்ல உட்கார வெச்சா நிழலை எடுத்துடறாங்க. அப்படி எடுத்துத்தான் எங்க சாட்சி ஒருத்தரை லாரி ஏத்திக் கொன்னாங்க. சரின்னு கம்ப்யூட்டர் செஞ்ச முகத்தைப் போட்டுப் பாத்தோம். பொம்மை பேசுதுன்னு ஜனங்க எழுந்து போயிட்டாங்க. உசுரோட இருக்கற ஒருத்தர் முகம்னாதான் கேக்கறாங்க."

சாட்சி பேசுவார். அவருடைய உதடும் புருவமும் கண்ணும் எப்படி அசைகிறதோ அப்படியே இரவல் கொடுத்தவரின் முகம் அசையும். குரல் மாறிவிடும், ஊர்ப் பேச்சும் மாறிவிடும். 'இது பேசுபவரின் முகம் அல்ல' என்று கீழே எழுத்து ஓடும்.

அப்படியென்றால் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணாம இருக்கணும்" என்றார் மேடம். "அதுதான் வேலை. நீங்க பேசற வீடியோ உலகத்துல எங்கயும் இருக்கக் கூடாது. உங்க முகம் எப்படி அசையும்னு தெரிஞ்சுட்டா, டிவில வந்ததுலேர்ந்து உங்களைக் கழிச்சுடுவாங்க. மிச்சம் நிக்கறது சாட்சி. ஒரு நிமிஷ வீடியோ போதும் அதுக்கு."

ஊரில் அம்மா ஷூ கம்பெனியில் பசை நாற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

என் காலேஜ் விழா வீடியோக்களை ஆபீஸே தேடித் தேடி அழித்தது. ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். அதைப் போட்டிருந்தால் எந்த கேமராவிலும் என் முகம் இருக்கும் இடத்தில் வெறும் வெளிச்சம்தான் விழும். தோழி கல்யாணத்தில் மணமேடையில் நான் ஒரு குண்டு பல்ப் மாதிரி நிற்கிறேன். என் முகத்தில் வந்த நிகழ்ச்சியை நான் பார்க்கக் கூடாது, யார் என்று யோசிக்கக் கூடாது. எந்த சாட்சிக்கு எந்த முகம் என்று ஆபீஸில் யாருக்கும் தெரியாது. அதை மிஷின் முடிவு செய்யும். சாட்சியின் அசைவு எந்த முகத்தில் உறுத்தாமல் படிகிறதோ அந்த முகத்தை எடுத்துக்கொள்ளும். இரண்டும் தெரிந்த ஆள் ஒருத்தர் இருந்தால் அவரை அடித்தே பெயரை வாங்கிவிடலாம் இல்லையா, அதனால் அப்படி யாரும் இருக்கக் கூடாது என்பது 'கண்கூடு' வைத்திருக்கும் சட்டம். யார் சாட்சி என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். யார் சாட்சி இல்லை என்றும் சொல்ல மாட்டார்கள்.

மூளை உள்ளவர்கள் உட்கார்ந்து யோசித்த ஏற்பாடு. ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. முகத்தைக் கொடுப்பவளுக்கும் ஒரு ஊர் இருக்கும்.

பக்கத்து வீட்டு குமுதா அக்கா போன் பண்ணியபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அக்கா அம்மாவோடு ஷூ கம்பெனியில் மூன்றாவது லைனில் தைக்கிறவள்.

"நம்ம கம்பெனியப் பத்தி டிவில பேசிட்டு நீ பாட்டுக்கு மெட்ராஸ்ல உக்காந்துகினு இருக்க. இங்க மூணாவது லைனையே வீட்டுக்கு அனுப்பிட்டான். வந்து பாரு."

வந்து பார்த்தேன். தெருவில் யாரும் 'எப்ப வந்த' என்று கேட்கவில்லை. இந்த ஊரில் நான் வெறும் முகம் இல்லையே, ரேவதி பெற்ற பெண். கீழே என்ன எழுத்து ஓடினால் என்ன. கம்பெனியைப் பற்றி ரேவதி மகளின் முகம் பேசியது. ஒன்று, நான் பேசியிருக்கிறேன். இல்லாவிட்டால் அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். யாருக்கும் மூன்றாவதாக ஒன்று தோன்றவில்லை, எனக்கும்தான்.

அம்மா அடுப்பிலிருந்து சோற்றுப் பானையைத் துணியில்லாமல் வெறுங்கையால் இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிக்கவில்லை.

"இன்னாத்துக்கு வந்த?"

"வராம? உனக்கு வேலை போயிருக்கு."

"போவட்டும். சாப்ட்டு சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இருபது வருஷமாக இவள் இப்படித்தான். சூப்பர்வைசர் திட்டினால் போவட்டும், போனஸை முழுங்கினால் போவட்டும். அப்பா போன பிறகு இந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் குடும்பம் நடத்தினாள். என் கோபமெல்லாம் அவள் போவட்டும் என்று விட்டதன் வட்டி. உனக்கெல்லாம் சூடு சொரணையே கிடையாதா என்று கேட்டேன். அவள் தன் கையைப் பார்த்தாள், பிறகு சோறு போட்டாள்.

மத்தியானம் மூன்றாவது லைன் மொத்தமும் எங்கள் வாசலில் நின்றது. பேசியது யார் என்று தெரிகிற வரைக்கும் லைன் ஓடாது என்று கம்பெனி சொல்லியிருந்ததாம். பர்சனல் மேனேஜர் ஜவஹர் அவர்களிடம் ஒரு வழியும் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தப் பெண் ஒரே ஒரு நிமிஷம் கேமரா முன்னால் நின்று, நான் பேசவில்லை, என் முகத்தை இரவல் கொடுத்தேன், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டால் போதும். ரேவதி மேல் சந்தேகம் தீர்ந்தது. திங்கட்கிழமை எல்லாரும் வேலைக்கு வரலாம்.

"உண்மையத்தானே சொல்லச் சொல்றாங்க" என்றாள் குமுதா அக்கா. "உண்மைய சொல்றதுக்கு இன்னாடி கசக்குது உனக்கு?"

கழித்தல் கணக்கைச் சொன்னேன். அவர்களுக்கு வேண்டியது என் பேச்சு இல்லை, என் முகம் அசைவது. அது கிடைத்தால் அந்த முகத்துக்குப் பின்னால் இருப்பவள் வெளியே வந்துவிடுவாள். உங்களில் ஒருத்தி.

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அக்கா மட்டும் என்னையே பார்த்தாள்.

"வரட்டுமே. பேசுனவ பேசுனேன்னு வந்து நிக்கட்டும். அவ ஒருத்திக்காக நாப்பது வூட்டு அடுப்பு அணையணுமா? என் பையனுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். ஈஎஸ்ஐ கார்டு நின்னுட்டா அவன நான் எங்க தூக்கினு போவேன்? உன் முகம் டிவில அழுதிச்சே, இதுக்கு அழுவுமா?"

நேர்மையாகச் சொல்கிறேன், அவள் பக்கம்தான் நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. மணல் லாரிக்காரி யாரென்றே எனக்குத் தெரியாது. அரிசி குடோன்காரியும் தெரியாது. அவர்கள் எல்லாம் என் மூஞ்சிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறார்கள். நான் மட்டும் பஸ்ஸிலும் தெருவிலும் அதை மாட்டிக்கொண்டு அலைகிறேன். கழற்றி வைக்கிற வேலையா இது? இந்த லைன்காரி யாரோ, தைரியமாகப் பேசிவிட்டு, இதோ இந்தக் கும்பலிலேயே ஒன்றும் தெரியாதவள் மாதிரி நிற்கிறாள். அவளுக்காக என் அம்மா வேலையை இழக்க வேண்டும், நான் ஊரில் பேச்சு வாங்க வேண்டும்.

ஹேமலதா மேடத்துக்குப் போன் போட்டேன். அவர் வருத்தப்பட்டார். நன்றாகத்தான் வருத்தப்பட்டார். வக்கீல் அனுப்புகிறேன், அறிக்கை விடுகிறேன், ஆனால் வீடியோ மட்டும் கூடாது என்றார். உங்கள் அம்மா லைன் வேலை பார்க்கிறாரா மேடம் என்று கேட்டேன். அவர் அம்மா ஓய்வு பெற்ற பேராசிரியர். எனக்குத் தெரியும், தெரிந்துதான் கேட்டேன்.

அக்காவிடம் சொன்னேன், நாளைக்கு அந்த ஜவஹரை வரச் சொல். தருகிறேன்.

அம்மா உள்ளே இருந்து வந்தாள். "தராத" என்றாள்.

"ஏன்?"

"தராதன்னா தராத. அவ்ளோதான்." யாரோ ஒருத்திக்காக நீ பட்டினி கிடப்பியா என்று கத்தினேன். அவள் கிணற்றடிக்குத் துணி அலசப் போய்விட்டாள். அவ்வளவு முட்டாள்தனமாகவா ஒருத்தி நல்லவளாக இருப்பாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை ஜவஹர் வந்தார். கூட கேமராவோடு ஒரு ஆள். என்னை "வாங்க மேடம், உக்காருங்க" என்று எங்கள் வீட்டிலேயே எனக்கு நாற்காலி காட்டினார். அம்மாவை "ரேவதி, தண்ணி கொண்டா" என்றார். அவருக்கு அம்மாவைவிட பத்து வயது குறைவாக இருக்கும். குமுதா அக்காவும் இன்னும் நாலைந்து பேரும் வாசற்படியில் நின்றார்கள்.

கண்ணாடியைக் கழற்றக் கை வைத்தேன். அவர் தடுத்தார்.

"ஒரு நிமிஷம் மேடம். முதல்ல நீங்க நிகழ்ச்சியப் பாத்துடுங்க. 'நான் இதைப் பார்த்தேன், இது என் பேச்சு இல்லை'ன்னு சொன்னாத்தான் எங்க வக்கீலுக்குத் திருப்தி."

என் முகத்தில் வந்ததை நான் பார்க்கக் கூடாது என்றேன். "இங்க உங்க மேடம் யாரும் இல்லையே" என்று சிரித்தார். தண்ணீர் கேன் மேல் டேப்லட்டைச் சாய்த்து வைத்தார்.

அம்மா அடுப்படி நிலைப்படியில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தாள். திரையைப் பார்க்கவில்லை.

திரையில் நான் வந்தேன். பின்னால் நீலத் துணி. என் மூக்கு, என் மச்சம், கண்ணுக்குக் கீழே என் கருவளையம். ஆனால் அது பேச வாயைத் திறந்ததும் எனக்கு உடம்பு கூசியது. இடது வாயோரம் மூடியே இருந்தது. வலது பாதி மட்டும் பேசியது.

மூன்றாவது லைன்காரிகள் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள். ஷூ மேல்தோல் தைக்கும்போது இரண்டு கையும் தோலைப் பிடித்திருக்கும், அடுத்த நூலின் நுனி இடது வாயோரத்தில் இருக்கும். மிச்சப் பாதி வாயால்தான் சிரிப்பது, கிண்டல் பண்ணுவது, சூப்பர்வைசரைத் திட்டுவது எல்லாம். சில வருஷம் போனால் நூல் இல்லாதபோதும் அந்தப் பக்கம் திறக்காது. லீவில் இரண்டு மாதம் அங்கே வேலை பார்த்தபோது எனக்கே அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. ஆக லைனில் ஒருத்தி. அது யாருக்கும் தெரிந்ததுதான்.

புதுப் பசை வந்ததைப் பற்றி அவள் சொன்னாள். டிரம்மின் மேல் ஒட்டியிருந்த எச்சரிக்கைச் சீட்டைச் சுரண்டிவிட்டு வேறு சீட்டு ஒட்டியதைச் சொன்னாள். முதலில் விரல் நுனி மரத்ததும், பிறகு விரலே மரத்ததும். கம்பெனி டாக்டர் வந்து வரிசையாக நிற்க வைத்து ஊசியால் குத்திப் பார்த்தாராம்.

"குத்தினபோது வலித்ததா?" என்று நிருபர் கேட்டார். மைக் கிடைத்த ஒருத்தி.

திரையில் என் முகம் பதில் சொல்வதற்கு முன்னால் கண்ணை உயர்த்தியது. கேட்டவளின் கண்ணைப் பார்க்கவில்லை. அதற்கு இரண்டு விரல் மேலே, நெற்றியைப் பார்த்தது.

"வலிச்சதுன்னு சொன்னேன்" என்றது. "வலிக்கலைன்னு சொன்னவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

உலகத்தில் என்னை இரண்டு விரல் மேலே பார்த்துப் பொய் சொல்லுகிறவள் ஒருத்திதான். சாப்பிட்டியா என்று கேட்டால் என் நெற்றியைப் பார்த்து சாப்ட்டேன் என்பாள். கை இன்னா இப்படி வீங்கியிருக்கு என்றால் நெற்றியைப் பார்த்து ஒண்ணுமில்ல என்பாள். சின்ன வயதில் என் நெற்றியில் பொட்டு கோணலாக இருக்கிறதோ என்று தடவிப் பார்த்துக்கொள்வேன்.

மிஷின் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. எத்தனையோ முகங்களைத் தேடி, இந்தச் சாட்சியின் அசைவு எதில் உறுத்தாமல் படிகிறது என்று பார்த்து, மகளை எடுத்து அம்மாவுக்கு மாட்டியிருக்கிறது. இரண்டு பேருக்கும் என்ன உறவு என்று கேட்க யாருக்கும் அனுமதியில்லை. என் முகவரி சென்னை ஹாஸ்டல்.

நான் அம்மா பக்கம் திரும்பவில்லை. கடைக்கண்ணில் முறம் மட்டும் தெரிந்தது. கீரையோடு காம்பும் விழுந்துகொண்டிருந்தது. எது இலை, எது காம்பு என்று அந்த விரல்களுக்குத் தெரியவில்லை. நேற்று வெறுங்கையால் இறக்கிய பானை. உனக்கெல்லாம் சூடு சொரணையே கிடையாதா.

ஜவஹர் திரையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசற்படியில் அத்தனை பேரும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் வெறுத்த அந்த வேலையை முதல் தடவையாக ஒழுங்காகச் செய்தேன். ஒண்ணும் பண்ணாமல் இருந்தேன்.

நிகழ்ச்சி முடிந்தது. கேமராக்காரர் எழுந்தார்.

"கண்ணாடியக் கழட்டிடுங்க மேடம்" என்றார் ஜவஹர். "அது என் பேச்சு இல்லைன்னு ஒரு வரி. முடிஞ்சது."

கழற்றினால் அம்மா. கழற்றாமல் சும்மா இருந்தால் லைன் ஓடாது, நாற்பது பேரும் ஒருத்தியை ஒருத்தி மோப்பம் பிடிப்பார்கள், கடைசியில் இடது வாயோரம் மூடியிருக்கிற எவளாவது மாட்டுவாள். எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

"அது என் பேச்சுதான்" என்றேன்.

அவர் காதில் விழாதவர் போல நின்றார்.

"முகம் இரவல் இல்ல. நான்தான் பேசுனேன். முகம் கொடுக்கற வேலையில இருந்தேன், நானே உக்காந்து பேசிட்டேன். கீழ ஓடுன எழுத்துதான் பொய்."

"விளையாடாதீங்க. நீங்க சென்னையில இருந்தீங்க."

"காலேஜ் கடைசி லீவுல மூணாவது லைன்ல இருந்தேன். புதுப் பசை வந்தப்ப. உங்க கம்ப்யூட்டர்லயே வருகை இருக்கும், பாருங்க."

"டாக்டர் டெஸ்ட் பண்ண லிஸ்ட்ல உங்க பேர் இருக்காதே."

"காண்ட்ராக்ட் பொண்ணுங்க பேரை உங்க டாக்டர் எழுதுனதே இல்லையே சார். வரிசையில நிக்க வெச்சுக் குத்துனதோட சரி. நான் நிக்கலைன்னு நீங்க காட்டுங்க பாப்போம்."

அவர் முகம் மாறியது. கேமரா என் பக்கம்தான் திரும்பியிருந்தது, அதுதான் வருத்தம். இதைக் கேமரா முன்னால் சொல்லச் சொன்னார். மாட்டேன் என்றேன். "எழுதித் தரேன். பேர் போட்டு, டிகிரி போட்டுக் கையெழுத்துப் போடறேன். பேசுனவ கிடைச்சுட்டா இல்ல? லைனை ஓட்டுங்க. இத்தனை பேர் முன்னாடி அதத்தான சொல்லியிருந்தீங்க."

வாசற்படிப் பெண்கள் அவரைப் பார்த்தார்கள். அவர் பேப்பர் கொடுத்தார்.

ச.சஷ்மிதா என்று எழுதி, பக்கத்தில் பி.ஏ. என்றும் எழுதினேன். படித்ததற்கு முதல் தடவையாக உபயோகம். அவர் கிளம்பும்போது அம்மாவிடம், சாட்சி சொன்னவளுடைய தாய்க்குக் கம்பெனியில் இனி இடமில்லை என்றார். "போவட்டும்" என்றாள் அம்மா. கேஸ் போடுவோம் என்று என்னிடம் சொன்னார். எந்த லாரியைப் பற்றியும் சொல்லவில்லை. அவசியமும் இல்லை, எனக்கு ஞாபகம் இருக்கிறது.

குமுதா அக்கா படியில் காறித் துப்பினாள். "நேத்து இல்லைன்ன, இன்னிக்கு ஆமான்ற. உன் வாயில எத நம்புறது? படிச்சுட்டு வந்து எங்க வயித்துல அடிக்கிற." திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். அவள் பையனுக்கு ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எங்களிடம் யாரும் வந்து சொல்லவில்லை.

மேடத்துக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன்.

"இதுக்கு நாங்க ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது, சஷ்மிதா."

"தெரியும் மேடம். அதனாலதான் சொன்னேன்."

வேலை போய்விட்டது என்றார், ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். வக்கீலும் இனி அனுப்ப முடியாது. அனுப்பினால் நான் சொன்னதை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிடவா என்று கேட்டேன்.

"வேண்டாம். அது உங்ககிட்டயே இருக்கணும். வேலை போனாலும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கணும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"உங்க முகத்துல பேசுனவங்க உசுரோட இருக்கற வரைக்கும்."

பிறகு மெதுவாக, அவர் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டார். "அது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன். போன்தானே, யாருடைய நெற்றியையும் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

அம்மாவும் நானும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. நான் கேட்டால் அவள் சொல்ல வேண்டியிருக்கும். அவள் சொன்னால், இரண்டும் தெரிந்த ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்று ஆகிவிடும். ஒரே அறையில் படுத்து எழுந்துகொண்டு, ஒரே குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு பேரும் ஒன்றும் தெரியாதவர்களாக இருந்தோம். ஒரே ஒரு தடவை, சாதம் பிசைந்துகொண்டே, "டிவில உன் முகம் வந்ததும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு" என்று ஆரம்பித்தாள். நான் ரசம் கேட்டேன். அவள் ஊற்றினாள்.

தொழிலாளர் துறை விசாரணைக்கு எனக்குத்தான் சம்மன் வந்தது. மூடிய அறை, அதிகாரி, கம்பெனி வக்கீல், நான். முகம் கொடுத்தவர்களுக்குச் சட்டப்படி கேமரா கிடையாது. சாட்சி தன் வாயால் சொன்னால்தான் அந்தப் பசையை நிறுத்துவார்கள். ஒரு இடத்தில் தடுமாறினாலும் எல்லாம் பொய் என்று வக்கீல் தள்ளிவிடுவார். மூன்றாவது லைன் அதிலேயே கையை முக்கிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

நிகழ்ச்சியைத் திரும்பத் திரும்பப் போட்டு, என் முகத்தைப் பார்த்து என் சாட்சியத்தை நான் மனப்பாடம் பண்ணினேன். சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்ப்பேன். அம்மா அந்தப் பக்கம் உட்கார்ந்து, வீட்டில் எடுத்துத் தைக்கிற பை வேலையைப் பார்ப்பாள். ஊசியில் நூல் கோக்க அவளுக்கு அரை மணி ஆகும். கேட்டால் கோத்துத் தருவேன், கேட்க மாட்டாள்.

"டிரம்முல இருந்த சீட்டைச் சூப்பர்வைசர் பிளேடால சுரண்டினார்" என்றேன் சுவரிடம்.

"டிவில அப்படிச் சொன்னாப்ல இல்லியே" என்றாள் அம்மா, தையலிலிருந்து தலை தூக்காமல். "ஸ்டோர்கீப்பரு, சாவியால சுரண்டுனான்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. நான் சரியா பாக்கல."

"ஸ்டோர்கீப்பர் சாவியால சுரண்டினார்."

"அழுக்குத் தண்ணி ஊத்தி ஊற வெச்சுட்டு."

"ஊற வெச்சுட்டு."

டிவியில் ஊற வைத்தது பற்றி எதுவும் வரவில்லை. நான் அதைச் சொல்லவில்லை.

கடைசியில் ஊசி குத்திய இடம் வந்தது. வலித்தது என்று சொன்னேன், என்றேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. மேடைப் பேச்சு மாதிரி இருந்தது. வாய் முழுசாகத் திறந்தது. காலேஜ் வாய்.

அம்மா பையைக் கீழே வைத்தாள். நூல்கண்டிலிருந்து ஒரு சாண் பல்லால் கடித்து அறுத்தாள். என் எதிரில் வந்து உட்கார்ந்து, நூலின் நுனியை என் வாய்க்குக் கொண்டுவந்தாள். விரலுக்கு உதடு தட்டுப்படவில்லை. முதலில் கன்னத்தில் பட்டது, பிறகு மோவாயில். நான் அசையாமல் இருந்தேன். தடவித் தடவி இடது ஓரத்தில் செருகினாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். நெற்றியை இல்லை, கண்ணை.

"கடிச்சுக்கோ" என்றாள். "இப்பப் பேசு."